தம்பி ராட்டினம் ஏறிய நாள்

என் தம்பி பயப்படாத விஷயங்கள் உலகத்தில் மிகச் சில. அம்மாவின் முந்தானைக்குப் பயப்பட மாட்டான். தன் தலையணைக்குப் பயப்பட மாட்டான். எனக்கும் பயப்பட மாட்டான், ஆனால் நான் கையை விட்டுவிடுவேனோ என்று பயப்படுவான். மற்றபடி சர்ச் மணி, மாவு மிஷினின் பெல்ட், பஸ் ஹாரன், முடிவெட்டுகிறவர், எதிர்வீட்டு வான்கோழி எல்லாமே அவனை அழவைப்பதற்கென்றே பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்குவதைப் பார்த்து, உள்ளே யாரோ அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

வரிசை என்றால் அவனுக்கு அறவே ஆகாது. ஒருமுறை அம்மை குத்துவதற்காகப் பள்ளிக்கூடத்து வாசலில் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்தார்கள். முன்னால் நிற்கிற தலைகள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய அவன் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. என் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துப் பிடித்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பிடிப்பான், முழுக் கையை அல்ல. ஊசிக்காரர் அவன் புஜத்தைத் தொட்டபோது அவன் போட்ட சத்தத்தில் எனக்குப் பின்னால் நின்ற பாதி வரிசை கலைந்துபோயிற்று. என்னைத்தான் எல்லோரும் ஏசினார்கள்.

நாங்கள் அப்போது சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஊழியர்களுக்காகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். நைனா அங்கே கம்பவுண்டர். எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. தம்பிக்கு ஐந்து இன்னும் முடியவில்லை. தொட்டிலில் கைக்குழந்தையாக ஒரு தங்கை இருந்தாள்.

மே மாத விடுமுறையில் ஒரு சாயங்காலம் நைனா வந்து, திருப்பதியில் எக்ஸிபிஷன் போட்டிருக்கிறார்கள், சூளூர்பேட்டை அத்தையும் மாமாவும் அங்கே வருகிறார்கள், நாம் மூன்று பேரும் போகிறோம் என்றார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்த எக்ஸிபிஷனில் பனைமரத்தைவிட உயரமான ராட்டினம் ஒன்று இருப்பதாகவும், உச்சிக்குப் போனால் திருமலை கோபுரம் கண்ணுக்கு நேரே தெரியும் என்றும் என் வகுப்புப் பெண்ணொருத்தி பெருமையடித்திருந்தாள். கோபுரம் கீழேயிருந்து தெரியாது, எந்த ராட்டினத்திலிருந்தும் தெரியாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தம்பி செய்தியைக் கேட்டதும் ராட்டினம் கடிக்குமா என்று கேட்டான்.

அம்மா வரவில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவது என்று நைனாதான் அவளுக்காகப் பதில் சொன்னார். மறுநாள் காலையில் அவள் தம்பிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். சனிக்கிழமையும் இல்லை, பண்டிகையும் இல்லை. கிறிஸ்துமஸுக்குத் தைத்த நீலச்சட்டையைப் போட்டுவிட்டாள். பிறகு நைனாவின் ரெக்சின் பையில் அவன் துணிகளை மடித்து மடித்து வைத்தாள். ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவா என்று கேட்டேன்.

“பஸ்ல வாந்தி எடுப்பான் இல்ல? மாத்தறதுக்கு ஓணும்” என்றாள்.

அவன் வாந்தி எடுப்பான் என்பது உண்மைதான். அதனால் நான் மேலே கேட்கவில்லை. அந்த மே மாத வெயிலில் அவனுடைய கம்பளிக் குல்லாயையும் அவள் பையின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். அம்மா கைமறதியாக வைக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வராமல், தொட்டிலை ஆட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஓடிப்போய் அவள் முந்தானையை ஒருமுறை மோந்துவிட்டு வந்தான். வெளியே போகும்போதெல்லாம் அவன் செய்கிற காரியம் அது.

பஸ்ஸில் நைனா அவனைத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அதுவும் எனக்குப் புதுமை. நைனா பிள்ளைகளை மடியில் வைக்கிற மனிதர் அல்ல. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிவிட்டு வந்து, எங்களைத் தள்ளி நின்று பார்ப்பார். சந்திரகிரி தாண்டுவதற்குள் தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான், ஒருமுறை நைனாவின் வேட்டியிலேயே எடுத்தான். நைனா திட்டவில்லை. துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, தலைமுடியைக் கையாலேயே கோதிச் சரிசெய்து, அப்படியே உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு, ராட்டினம் அதைவிட உயரமாக இருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அத்தையும் மாமாவும் காத்திருந்தார்கள். அத்தை நைனாவுக்கு மூத்தவள். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெளிறின சேலையில் இருப்பாள். மாமா சூளூர்பேட்டை ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்தார். அதிகம் பேச மாட்டார், பேசினால் பாதி தெலுங்கில்தான் பேசுவார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை என்று சொல்லக் கூடாது. இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் இருந்தன. ஒன்று பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. இன்னொன்று ஓடியாடுகிற பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. அவன் உட்கார்ந்திருக்கிற போட்டோ ஒன்று எங்கள் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தது. அவன் எனக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டியவன் என்று அம்மா சொல்வாள்.

அத்தை தம்பியைப் பார்த்ததும் ஓடிவந்து தூக்கவில்லை. மற்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள், அவனும் உடனே அலறுவான். அத்தை அவனுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து, அவனைப் பார்க்காமலேயே மெல்ல உருட்டிவிட்டாள். பந்து அவன் காலில் இடித்து நின்றது. அவன் குனிந்து எடுத்தான். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்து, “வா நைனா” என்றாள்.

தம்பி குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், ஆசையாகக் கூப்பிட்டால் சின்னப் பையனும் நைனாதான். ஆனால் அவனை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“நைனா அங்க நிக்கிறாரு” என்று பின்னால் கையைக் காட்டினான்.

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார் என்றுதான் ஞாபகம்.

எக்ஸிபிஷன் மைதானத்தில் அந்த வெயிலிலும் கூட்டம். மலையிலிருந்து இறங்கின யாத்திரிகர்கள் ரயில் வரும்வரை நேரம் போகாமல் அங்கே வந்துவிடுவார்கள் என்பதால் பகலிலேயே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசின மொட்டைத் தலைகள். மலைமேல் சாமியைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், கீழே வந்து ராட்டினத்துக்கும் அதே பொறுமையோடு நின்றார்கள். எங்களைப் பார்த்து, “தர்சனம் பாகா அயிந்தா?” என்று ஓர் அம்மாள் விசாரித்தாள். தரிசனம் நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்கிறாள். நைனா தர்மசங்கடமாகத் தலையை ஆட்டினார். நாங்கள் வேதக்காரர்கள், மலைக்குப் போனதில்லை என்று விளக்கிக்கொண்டு நிற்க அவருக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

ராட்டினம் நான் நினைத்த அளவுக்கு உயரமில்லை. ஆனாலும் போதுமான உயரம்தான். தகரப் பெட்டிகள் மேலே போய்த் தயங்கி நின்று, சட்டென்று கவிழ்கிற மாதிரி இறங்கின. அதை ஓட்டிய டீசல் இன்ஜின் ஓர் ஓரத்தில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு இருமியது. தம்பி மைதானத்தின் வாசலிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டான். என் இரண்டு விரல்களும் வலித்தன.

“நான் வரல” என்றான்.

“ஏறவே வாணாம். சும்மா பாக்கலாம்” என்றாள் அத்தை.

வெகுதூரத்தில், ஒரு சோடாக் கடைப் பந்தலின் நிழலில் அவனை உட்காரவைத்தாள். அங்கிருந்து ராட்டினம் பொம்மை மாதிரி தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இங்கே வெயில் வந்துவிட்டது என்று இன்னும் பக்கத்தில் ஒரு நிழலுக்கு மாறினாள். அப்புறம் இன்னும் பக்கத்தில். நிழல் தேடிப் போவது போலவே அவனை இன்ஜின்வரை கொண்டுவந்துவிட்டாள். அந்த இன்ஜினுக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் இருமுகிறது, இருமலுக்கு உங்கள் நைனா மருந்து கொடுப்பாரா கேள் என்றாள். தம்பி கேட்டான். நைனா, “குடுக்கலாம்” என்றார். தம்பி முதல்முறையாகச் சிரித்தான்.

பிறகு, இறங்குகிறவர்களின் முகங்களை மட்டும் பார்க்கச் சொன்னாள். “ஏறறவங்கள பாக்காத. எறங்கறவங்கள பாரு. யாராச்சும் அழறாங்களா சொல்லு.”

அவன் கண்ணிமைக்காமல் பார்த்தான். நிறையப் பேர் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் ஒரு மொட்டைப் பையன் தொண்டை கிழிய அழுதுகொண்டு இறங்கினான். தம்பி வெற்றியோடு அத்தையைத் திரும்பிப் பார்த்தான்.

“அவன் இன்னொரு தபா சுத்தணும்னு அழறான்” என்றாள் அத்தை, கொஞ்சமும் தடுமாறாமல்.

எனக்கு எரிச்சல் வந்துகொண்டிருந்தது. நான் அந்த நேரத்துக்குள் நாலைந்து தடவை சுற்றியிருக்கலாம். இவனால்தான் எனக்கு எல்லாம் தாமதம், எங்கே போனாலும் இவன் விரலுக்கு நான் காவல். என்னை யாரும், நீ பயப்படுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லை என்று சொல்வதற்கு எத்தனை ஆசையாக இருந்தேன்!

ஒருவழியாக வரிசையில் நின்றோம். அத்தை அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். எப்போது பயமாக இருந்தாலும் சொல்லலாம், உடனே வெளியே வந்துவிடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். தம்பி அதைப் பரீட்சை செய்து பார்த்தான். பாதி வரிசை நகர்ந்ததும், “வெளிய போலாம்” என்றான். அத்தை அந்தக் கணமே அவனை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள், பின்னாலேயே நாங்களும் வந்தோம். மாமா வாங்கிக்கொடுத்த ஐஸை அவன் சப்பி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றோம். இந்தமுறை படிக்கட்டுக்குப் பக்கத்தில் போனதும் வெளியே வர வேண்டும் என்றான். மறுபடி வந்தோம். எனக்கு அழுகை முட்டியது. அத்தை முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போன காரியம் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம்முறை வரிசையில் நின்றபோது டிக்கெட்டுகளை அவன் கையில் கொடுத்தாள். “நீதான் கண்டக்டரு. நீ குடுத்தாதான் எங்கள உள்ள உடுவாங்க. பத்திரமா வெச்சுக்கினு இரு” என்றாள். அவனுக்கு வேலை வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். ஆனால் இன்னொரு கை மட்டும் என் விரல்களை விடவில்லை.

அப்போதுதான் நைனா எனக்குப் பின்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “நீ உடு. அத்த புடிச்சிக்கட்டும்.”

“அவன் அழுவான் நைனா.”

“உடும்மா.”

நான் விரல்களை உருவிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, உதறிவிட்டுக்கொண்டேன். தம்பியின் கை காற்றில் கொஞ்ச நேரம் துழாவியது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ராட்டினத்தைப் பார்த்தேன். அத்தை தன் கையை அவன் பக்கத்தில் சும்மா தொங்கவிட்டிருந்தாள், அவனைப் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தாள் என்று தெரியாது. நான் மறுபடி பார்த்தபோது அவன் அவளுடைய சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் பிடித்திருந்தான்.

படிக்கட்டின் கீழே நின்ற டிக்கெட்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “இத்தரு பில்லலா?” என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளா என்கிறார்.

மாமா, “மா பாபு ஒக்கடே. பாப்ப மா பாவமரிதி கூதுரு” என்றார். எங்களுடையவன் ஒருவன்தான், அந்தப் பெண் என் மைத்துனன் மகள் என்று அர்த்தம்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு நன்றாகவே வரும். மாமா இத்தனை வருஷம் ஆந்திராவில் ரயில் ஓடவிட்டும் தெலுங்கைத் தப்பாகப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். நைனாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். நைனா தன் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

தகரப் பெட்டியில் நான்கு பேர் உட்காரலாம். அத்தையும் மாமாவும் தம்பியை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். நான் எதிர்ப் பலகையில் ஏறக் காலைத் தூக்கினேன். நைனாவின் கை என் தோளில் விழுந்தது.

“நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. இவ அடுத்த தபா ஏறட்டும்” என்றார்.

பெட்டியில் ஒரு இடம் காலியாக இருக்கும்போது நான் ஏன் கீழே நிற்க வேண்டும்? கேட்பதற்குள் ஆள் வந்து குறுக்குக் கம்பியை மாட்டிவிட்டான். நான் பக்கத்தில் இல்லாமல் அவன் இருப்பானா என்று பார்ப்பதற்குத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு அவன் வீறிட்டு அழுதிருந்தால் நைனாவின் மனசு மாறியிருக்குமோ என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நைனாவும் யோசித்திருப்பார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ராட்டினம் கிளம்பியது. தம்பி அத்தையின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு மேலே போனான். நீலச்சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது. இப்போது கத்துவான், இப்போது கத்துவான் என்று நான் காத்திருந்தேன். முதல் சுற்றில் சத்தம் இல்லை. அடுத்த சுற்றில் கீழே வரும்போது முகம் பாதி வெளியே வந்திருந்தது. அப்புறம் ஒரு சுற்றில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரிய, தலைமுடி பறக்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கடக்கும்போது டிக்கெட் துண்டுகளைப் பிடித்த கையை ஆட்டினான். அத்தை அழுதுகொண்டிருந்தாள். உயரத்துக்கு அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“நைனா, சிரிக்கிறான் பாருங்க!” என்று கத்தினேன்.

நைனா ராட்டினத்தைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். “கண்ணுல மண்ணு வுழுந்துடுச்சு” என்றார்.

எனக்கு அடுத்த தபா வரவில்லை. அவர்கள் இறங்கியதும் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். சூளூர்பேட்டைக்குக் கூடூரில் மாற வேண்டும், கூடூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். நைனா என்னிடம், இன்னொரு நாள் வந்து ஏறலாம் என்றார். அந்த இன்னொரு நாள் எங்கள் வீட்டில் அதற்கப்புறம் யாருக்கும் வரவே இல்லை.

ஸ்டேஷனில்தான் ரெக்சின் பை கைமாறியது. தம்பி அத்தையோடு சூளூர்பேட்டைக்குப் போகிறான், லீவுக்கு என்று நைனா என்னிடம் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ராட்டினமும் அவனுக்கே, ரயிலும் அவனுக்கே. அங்கே போனால் ஏரியில் படகு பார்ப்பான். ஒரு வாரம் கழித்து வந்து பீற்றிக்கொள்வான்.

அவன் திரும்பி வரப்போவதில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஈஸ்டருக்கு அத்தை வந்திருந்தபோதே அவனைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுவிட்டாளாம். நைனாவின் அம்மா இவர் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். அத்தைதான் தன் படிப்பை நிறுத்திவிட்டு இவரை வளர்த்தவள். அவள் வாழ்க்கையில் தன் தம்பியான நைனாவிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அம்மாவிடம் நைனா சொன்னபோது அவள் வாயே திறக்கவில்லையாம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு சித்தி சொல்லித் தெரிந்தது.

வண்டி நின்றிருந்தது. ஜன்னல் ஓரத்தில் அத்தை அவனை உட்காரவைத்திருந்தாள். அவன் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

“அக்கா ஏறல?”

நைனாவின் கை மறுபடி என் தோளில் இருந்தது, அது லேசாக அழுத்தியது. “நான் அப்பறம் வரன்டா. நீ போய்க்கினே இரு” என்றேன். நான் சொல்வதை அவன் எப்போதும் நம்புவான். நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

இன்ஜின் ஊதியது. அவன் முகம் கோணத் தொடங்கியது. அத்தை உடனே, இதுவும் ராட்டினம்தான், நிற்காமல் நேராகச் சுற்றுகிற ராட்டினம், டிக்கெட் எங்கே கண்டக்டரே என்றாள். அவன் கையில் இன்னும் வைத்திருந்த துண்டுகளைக் காட்டினான். பிறகு ஒரு சந்தேகம் வந்து அவளிடம் கேட்டான்:

“பயமா இருந்தா எறங்கிடலாமா?”

காலையிலிருந்து அவன் எதைக் கேட்டாலும் அத்தை அவன் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். இந்த ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே, எங்களுக்கும் அப்பால் எங்கேயோ பார்த்தாள்.

“எறங்கிடலாம் ராஜா” என்றாள்.

வண்டி நகர்ந்தது. அவன் அழவில்லை. ராட்டினத்திலிருந்து ஆட்டிய மாதிரியே கையை ஆட்டிக்கொண்டு போனான். நைனா வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றவர், கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய்த் துண்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார்.

அவனை அடுத்துப் பார்த்தது அந்த வருஷக் கிறிஸ்துமஸில். கால்சட்டையும் ஷூவுமாக வந்திருந்தான். அத்தையை அம்மா என்று கூப்பிட்டான். அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவும் சொல்லாமலே இருந்தான். வான்கோழியைப் பார்த்துப் பயப்படவில்லை. நல்ல பையனாகத்தான் வளர்ந்தான். அவர்கள் அவனை ஒரு குறையுமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். அத்தை சாகும்வரை அவளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டதும் அவன்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை.

சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. மடியில் யாரும் வாந்தி எடுக்கவில்லை, விரலை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மைதானத்தைத் தாண்டும்போது கூரைகளுக்கு மேலே ராட்டினத்தின் தலை தெரிந்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. நாள் முழுக்க வரிசையில் நின்றும் நான் ஏறவில்லையே! விக்கி விக்கி அழுதேன்.

நைனா என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். “அழாதம்மா. அவன் நல்லா இருப்பான். அத்த நல்லா பாத்துக்கும்” என்றார்.

நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் தெருவையும் ஒருமுறை பார்த்தாள். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மணையைப் போட்டு உட்காரவைத்து, சோறு போட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ராட்டினம் எப்படி இருந்தது, என்ன தின்றாய், எக்ஸிபிஷனில் என்ன பார்த்தாய் என்று எதுவும் கேட்கவில்லை.

“அழுதானா?” என்றாள்.

பயந்தாங்கொள்ளிப் பிள்ளை, ஊர் பேர் தெரியாத இடத்தில் என்ன பாடு படுத்தினானோ என்று அம்மா நாள் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கவலையைத் தீர்க்கிற நல்ல சேதி என்னிடம் இருந்தது.

“இல்லம்மா! அழவே இல்ல. ராட்டினத்துல சிரிச்சிக்கினே இருந்தான். அத்த கையப் புடிச்சிக்கினான். ரயில்ல ஏறும்போது கூட சிரிச்சிக்கினே கைய ஆட்டிக்கினு போனான்.”

“ஒரு தபா கூட அழலியா?”

“ஒரு தபா கூட இல்ல.”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தொட்டிலில் தங்கை அழத் தொடங்கினாள், அம்மா போகவில்லை. கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, சாம்பலைத் தொட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

இத்தனை நல்ல சேதியைச் சொல்லியும் அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பாத்திரச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று சந்தேகம் வந்தது. சோற்றுக் கையோடு எழுந்து அவள் பின்னாலேயே போய் நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.